கொய்யாக் கடை மெயில்

"தூ!" வௌவால் துப்பிய கொய்யா நேராக அணிலின் தலையில் விழுந்தது. "தேன் சொட்டும்னு மெயில் அனுப்பினியே, இதான் தேனா? ஆத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து புள்ளைங்களையும் கூட்டிட்டுப் பறந்து வந்தேன்டா. எங்க கூட்டமே இனிமே உன் மெயிலே வேணாம்னு நிறுத்தப்போகுது, பாரு."

வௌவால் கூட்டம் வராவிட்டால் அணில் தன் கொய்யாக் கடையைச் சாத்த வேண்டியதுதான். வாராவாரம் வாடிக்கையாளர் மெயிலை எழுதித் தருகிற பச்சோந்தியிடம் ஓடியது.

"தம்பி, குறை பழத்துல இல்ல, மெயிலோட கலர்ல இருக்கு," என்றது பச்சோந்தி, ஆரஞ்சு நிறத்துக்கு மாறிக்கொண்டே. "அடுத்த மெயில்ல எழுத்துக்குப் பின்னால சூரியன் மறையற படம் வைப்போம். தேனை எடுத்துட்டு அமிர்தம்னு போடுவோம்."

"பழம் இன்னும் துவர்க்குது அண்ணே. கடிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"நீ கடிச்சதை யாரு கேட்டா? படிக்கிறவன் பறந்து வரணும், அவ்வளவுதான்."

"வந்துட்டுத் துப்புறாங்களே!"

அணில் அங்கேயே உட்கார்ந்து, படமும் கலரும் இல்லாமல் தானே எழுதியது: "போன வாரப் பழம் துவர்ப்பு. இந்த வாரமும் சுமார்தான், வராதீங்க. பழுத்ததும் சொல்றேன்."

எட்டிப் பார்த்த பச்சோந்தி பதறிப்போய் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று என்னென்னவோ ஆனது. "டேய், வராதீங்கன்னு எந்தக் கடைக்காரனாவது எழுதுவானா? அந்த ஒரு வார்த்தையையாவது அழிச்சிட்டு அனுப்பு."

அணில் அழிக்காமலே அனுப்பிவிட்டது.