கலியாணம் இருந்த பெட்டி

“மௌத்தாப் போச்சு!” என்று தலையில் கைவைத்தபடி கதிரையில் சரிந்தான் நிப்றாஸ்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த லோஜனா பதறிப் போனாள். “ஐயோ, செத்தது ஆர் அண்ணா?”

“பெட்டி!”

மேசைக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினான். காலையில் கரண்ட் போய் வந்ததோடு அதன் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க். அவற்றுக்குள் கிண்ணியா சுபைதா மாமியின் மூத்த மகளுடைய கலியாணம் முழுவதும் இருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்தச் சின்ன ஸ்டூடியோவில் இவர்கள் இருவர்தான். வீடியோவை வெட்டி ஒட்டுவது முதலாளி நிப்றாஸ். கலியாண வீட்டில் பெண்கள் பக்கம் கமரா பிடிப்பது லோஜனா.

“நாலு மணிக்கு மாமி வாறா. முக்கியமான கதை ஒண்டு இருக்காம்” என்றான் நிப்றாஸ். குரல் அழுகைக்கு ஒரு முழம்தான் தள்ளி நின்றது.

அது என்ன கதை என்று லோஜனாவுக்கும் தெரியும். போன கிழமைதான் நிப்றாஸின் உம்மா, மாமியின் இளைய மகள் சுஹைராவைப் பெண் கேட்டுவிட்டு வந்திருந்தார். மூத்தவளின் கலியாணத்தைத் தொலைத்தவனுக்கு இளையவளை எந்தத் தாய் கொடுப்பாள்?

“ஏன் இப்ப ஒப்பாரி? வேலை செய்யப் பெட்டி, காவலுக்குக் கிளவுட் எண்டுதானே ரெண்டையும் சேத்துப் போட்டனாங்கள்? இதில நீங்கள் என்ன செய்தாலும், என்ன பேர் வைச்சாலும் அங்கயும் அப்பிடியே விழும்.”

“நம்மட லைன்ட வேகம் உங்களுக்குத் தெரியாதா? பாதிதான் ஏறியிருக்கும். சாப்பாடு இருக்கும், மாப்பிள்ளை இருக்க மாட்டார்!”

லோஜனா லப்டொப்பைத் திறந்தாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நிப்றாஸ் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ஊருக்குள் திரியும் மான் ஒன்று வாசலுக்குள் தலையை நீட்டிப் பழைய கலண்டரைத் தின்றது. அதை விரட்டக்கூட இருவருக்கும் தெம்பில்லை.

“ஆ, வருது! பேரைச் சொல்லுங்கோ, தேடிப் பாக்கிறன்.”

அதுதான் நிப்றாஸின் தொழில் முறை. கமரா போடும் இலக்கங்கள் அவன் மண்டையில் நிற்காது. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் வாய்க்கு வந்த ஒரு பெயரை வைத்துவிடுவான். பிறகு ஆயிரத்துக்குள் கிடந்தாலும் ஒரு நொடியில் எடுப்பான்.

“குறட்டை மாமா?”

“இருக்கிறார்.”

“பிரியாணிப் படை?”

“முழுப் படையும் நிக்குது.”

“வட்டிலப்பக் கள்ளி?”

லோஜனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனநெரிசலுக்குள் அவளே அறியாமல் எடுத்த காட்சி அது. முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீளும். மூன்றாவது வட்டிலப்ப இனிப்புக் கிண்ணத்தைத் தூக்கும். வந்த வேகத்தில் உள்ளே போய்விடும். முகம் தெரியாது. விரலில் பெரிய பச்சைக்கல் மோதிரம் மட்டும் தெரியும்.

“கள்ளியும் பத்திரம் அண்ணா!”

“மாப்பிள்ளை? மாப்பிள்ளையைப் பாருங்க!”

“‘வேர்த்து ஊத்தின மாப்பிள்ளை’. ஓம், இருக்கிறார். அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டும் சரி. கலியாணத்துக்கு வரேலாமல் போன மாமியின்ட கத்தார் மகன் பாக்கவெண்டு நான் அனுப்பின லிங்கும் இந்தக் கிளவுட்டுக்குத்தானே? ஒண்டும் குறையேல்ல.”

“நீங்க நல்லா இருக்கணும் தங்கச்சி!” என்று நிப்றாஸ் துள்ளிய துள்ளலில் மான் கலண்டரோடு ஓடியது.

சரியாக நாலு மணிக்கு ஓட்டோ வந்து நின்றது. கையில் துணி சுற்றிய பாத்திரத்தோடு சுபைதா மாமி இறங்கினார். முகத்தில் சிரிப்பே இல்லை. பெட்டி செத்த செய்தி யார் மூலமாவது கிண்ணியாவுக்குப் போய்விட்டதோ?

“வீடியோ எல்லாம் பத்திரம் மாமி!” என்றான், கேட்கும் முன்பே.

“தெரியும் தம்பி. கத்தார்ல இருந்து மகன் எங்களுக்கும் அந்த லிங்கை அனுப்பி வெச்சான். மூணு நாளா முழுக் குடும்பமும் போனும் கையுமாத்தான் கிடக்கு.”

“அப்படியா மாமி! நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. சுஹைரா அதைப் பாத்திட்டுத்தான் ஓம் எண்டு சொன்னவ. எங்களுக்கும் சம்மதம்.”

நிப்றாஸுக்குக் கால் நிலத்தில் படவில்லை. தன் தொழில் திறமையை ஒரு பெண் இவ்வளவு துல்லியமாக மதித்திருக்கிறாளே! பின்னால் லோஜனா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீராக்கும் என்று நினைத்தான் அவன்.

மாமி துணியை அவிழ்த்தார். உள்ளே சூடு ஆறாத வட்டிலப்பம். “எனக்குச் சீனி வருத்தம். வீட்டுல வாயில வெக்க விட மாட்டாங்க. நீங்க பிஸ்மி சொல்லித் தின்னுங்க.”

அவன் ஒரு கரண்டி அள்ளி வாயருகே கொண்டுபோனான். மாமியின் கை பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளியது. அந்த விரலில் பெரிய பச்சைக்கல் மோதிரம்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“பயப்பிடாமத் தின்னுங்க மருமகன், இது களவெடுத்ததில்ல.”