முள் எங்கே நிற்கிறது?

“என்ன பாய், இன்னும் வண்டி எடுக்கலையா? ஒங்க இன்ஜின் ஹெட்டை வெள்ளிக்கிழமையே நான்தானே மதுரையில இருந்து கொண்டாந்து இறக்குனேன்?”

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த சபியுல்லாவுக்குப் புரையேறிவிட்டது. பேசியது மதுரை பஸ் கண்டக்டர் பெரியகருப்பன் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது.

“எங்க இறக்குனீக?”

“சத்தியமூர்த்தி பட்டறையிலதான். சாக்குல சுத்தி, நானே தூக்கிக் குடுத்தேன். லேத்துக்காரரு மட்டம் சீவி, வால்வெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டேன்னாரு.”

சபியுல்லாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேற்று சாயங்காலம்கூட அந்தச் சத்தியமூர்த்தி, “ஹெட்டு இன்னும் வரலை பாய்” என்றானே! அதற்கு முன்னால், லேத்தில் கரண்ட் இல்லை என்றான். அதற்கும் முன்னால், லேத்துக்காரர் வீட்டில் கல்யாணம் என்றான். ஒரு வாய், ஆயிரம் பேச்சு.

கல்லல் ரோட்டில் அவருடைய அம்பாசிடர் டாக்ஸி கொதித்து ஆவி கக்கி நின்றதில், இன்ஜினுக்கு மூடி போல உட்காரும் அந்த ஹெட் கோணிக்கொண்டது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது சத்தியமூர்த்தி ஒன்றுதான் கேட்டான்.

“சூட்டு மீட்டரு முள்ளு சிவப்புக்குப் போகலையா பாய்?”

“போகலையே! பாத்துக்கிட்டேதானே வந்தேன், பாதியிலதான் நின்னுச்சு. பொய்க்கார மீட்டரு!”

நகை செய்கிற குடும்பத்தில் பிறந்து, இன்ஜினைப் பிரிக்க வந்தவன் சத்தியமூர்த்தி. கை சுத்தம் என்று ஊரே சொல்லும். அவனா இப்படி?

பெரியகருப்பன் போகிற போக்கில் இன்னொன்றையும் போட்டுவிட்டுப் போனார். “பள்ளத்தூர் ஆச்சி வீட்டுக்கு, கொடைக்கானலுக்கு, இந்தத் தடவை சொக்கலிங்கம் வண்டியாமே? சத்தியமூர்த்திதான் பேசி விட்டானாம்.”

அவ்வளவுதான், சபியுல்லா டீ கிளாஸைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். வருஷா வருஷம் கோடையில் ஆச்சியையும் பேரப்பிள்ளைகளையும் மலைக்கு ஏற்றிக்கொண்டு போவது அவர்தான். “சபியுல்லா ஓட்டுனா நான் கண்ணை மூடித் தூங்குவேன்” என்பார் ஆச்சி. அந்த வீட்டுச் சவாரி கைவிட்டுப் போனால், அப்புறம் எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்?

எழுந்து நேராகப் பட்டறைக்கு நடந்தார். வாசலில் கிடந்த ஜாக்கியை இடறி விழப் போய், தூணைப் பிடித்து நின்றார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

“அடேய் சத்தியமூர்த்தி! எம் பொழப்ப சொக்கலிங்கத்துக்கு வித்துட்டியா?”

பக்கத்து டயர் கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஆளுக்கு ஒரு வசவு.

“வேலியே பயிரை மேஞ்ச கதையாவுல இருக்கு!”

“பெரிய மனுசன் வயித்துல அடிக்கிறியே, வெளங்குவியா?”

சத்தியமூர்த்தி கையைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். “ஆமா, தப்பு என்னோடதுதான். ஆச்சிகிட்டயும் நானே போய்ச் சொல்லிட்டேன், பாய் மேல குத்தமில்லை, என்னாலதான் தாமதம்னு. எல்லாரும் கொஞ்சம் அங்குட்டுப் போங்கண்ணே.”

சபியுல்லாவுக்குக் குழப்பம் கூடியது. பிழைப்பைக் கெடுக்கிறவன் எதற்காக ஊரெல்லாம் போய்த் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான்?

கூட்டம் கலைந்ததும் சத்தியமூர்த்தி தகரக் கதவைச் சாத்தினான்.

“வண்டியில ஏறுங்க பாய். ஹெட்டு மாட்டியாச்சு.”

“என்னது?”

“சனிக்கிழமையே மாட்டிட்டேன். ஸ்டார்ட் பண்ணுங்க.”

சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இழுத்தார். ஒரே இழுப்பில் இன்ஜின் எழுந்தது. ஒரு தட்டல் இல்லை, ஒரு இருமல் இல்லை. கைக்குழந்தை முதல் தடவை ‘அத்தா’ என்று கூப்பிட்டது போலிருந்தது அவருக்கு. கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. குழப்பம்தான் கரையவில்லை. இவ்வளவு சுத்தமாக வேலை செய்துவிட்டு எதற்கு ஒளித்து வைத்தான்?

“கொஞ்ச நேரம் ஓடட்டும்” என்று சன்னலோரம் வந்து நின்றான் சத்தியமூர்த்தி. பிறகு கேட்டான். “சூட்டு மீட்டரைப் பாருங்க பாய். முள்ளு எங்க நிக்குது?”

சபியுல்லா குனிந்தார். எப்போதும் போல அந்தக் கறுப்பு வட்டம். பாழாய்ப்போன பட்டறைத் தூசி வேறு. கண்ணைக் கசக்கிவிட்டுச் சொன்னார்.

“பாதியில.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“ஒங்கப்பன் காலத்துல இருந்து வண்டி ஓட்டுறேன், எனக்கா தெரியாது? பாதியிலதான்டா நிக்குது!”

சத்தியமூர்த்தி கையை உள்ளே விட்டு இன்ஜினை அணைத்தான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான். உருண்டையாக, கண்ணாடி போட்டு, சில்லென்று இருந்தது. பார்க்கவே வேண்டாம், தடவியதுமே சபியுல்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்க பாத்த எடத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு பாய். மீட்டரு இதுதான். இதுல சூடு புடிக்கிற முனையை டீக்கடை வென்னீர்ல முக்கிப் பாத்தேன், முள்ளு பொய் சொல்லாம சிவப்புக்குப் போச்சு.” அவன் குரல் இறங்கியது. “ஆச்சி தூங்கிரும், பிள்ளைகளும் தூங்கிரும். மலை ரோடு. நான் வாயால சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டீக. மதுரையில கண்ணைக் காட்டி, சரி பண்ணிக்கிட்டு வாங்க, நானே மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் ஊரு என்னையவே வையட்டும்.”