ஐந்து எழுத்துக்கு ஐந்து பேர்

வசந்தம் நீடிப்பதா, கோடை வருவதா என்று வானத்துக்கே தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று முறை வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. நாளை திறக்கவிருக்கும் தையல் கடையின் வெளிச்சுவரில், பெயின்டர் ஐந்தாவது எழுத்தை நீலத்தில் இழுத்து முடிக்கிறார். "அடுத்த வாரத்துலேர்ந்து வெயில் கொளுத்துமாம்க்கா, ரேடியோல சொன்னாங்க." "அடுத்த வாரம் கொளுத்தி என்ன பண்ண? கடை நாளைக்குல்ல!" தையல்காரி வானத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். குளிர்ந்த காற்று வீசுகிறது. பின்னாலேயே சாய்வாகத் தூறல். முதல் எழுத்திலிருந்து நீலம் ஒரு கோடாக வழிகிறது. அவள் பதறிக் குடையை விரித்து அதற்குப் பிடிக்கிறாள். மற்ற நான்கு எழுத்துகள்? எதிர்க்கடைச் சாவிக்காரர் கையிலிருந்த பூட்டைப் போட்டுவிட்டு, "தள்ளும்மா, எனக்கு எது?" என்று குடையோடு வருகிறார். மருந்துக்கடைப் பெண் மூன்றாவதற்கு. பெயின்டர் ஒரு பலகையைத் தூக்கி நான்காவதற்குப் பிடிக்கிறார். தூறலை அனுப்பிய கடவுளே குடைகளையும் அனுப்புகிறார் போலும். பேருந்துக்கு நின்றிருந்த, யாரென்றே தெரியாத ஒருவர் கடைசி எழுத்துக்குத் தன் குடையைச் சாய்க்கிறார். அவர் தோள் முழுக்க நனைகிறது. குடைகளுக்குள் மறைந்துபோன பெயரை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்கிறார்: "ஆமா, இது என்ன கடைங்க?"