ஒன்றரை நிமிடம்

கடைசித் திருகாணியும் கழன்று வந்தது. அதைக் கிண்ணத்தில் போட்டாள்.

ஒயரை அப்போதே பிடுங்கி வைத்திருந்தாள். இருந்தாலும் இன்னொரு முறை சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டைப் பார்த்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகடு நகர்ந்தது.

உள்ளே தூசி. பஞ்சு மாதிரி அடைத்துக் கிடந்தது.

பத்து வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள். மிஷின் திணறினால் துணியைக் குறை சொல்ல மாட்டாள். நிறுத்திவிட்டு அடியில் திறந்து பார்ப்பாள்.

இதையும் அப்படித்தான் திறந்தாள்.

மகள் இலக்கியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. கையைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெட்டுப் போச்சுன்னா மூணு மணிக்கு என்னம்மா பண்றது?”

அம்மாவுக்கும் அதுதான் பயம்.

மூன்று மணிக்கு ஆன்லைன் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று.

போன ஞாயிறு இலக்கியா ஜெயித்துக்கொண்டிருந்தாள். எதிராளியிடம் ராணி கூட இல்லை. அந்த நேரம் பார்த்துத் திரை அப்படியே நின்றது. மௌஸை ஆட்டினாள். தட்டினாள். போட்டியின் கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. திரை அசைந்தபோது அவளுடைய நேரம் முடிந்திருந்தது.

பயிற்சியாளரிடம் சொன்னாள். தோற்கிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறார்கள் என்றார் அவர்.

அன்று இலக்கியா அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

அது அம்மாவின் தம்பியுடைய அலுவலகத்தில் கழித்துக் கொடுத்த கம்ப்யூட்டர். தம்பிக்குப் போன் செய்தாள்.

“வயசாயிடுச்சுக்கா. தூக்கிப் போடு.”

அவளுக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பழைய மிஷின்கள் கம்பெனியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கம்பெனியில் ரெஜினா என்ற பெண் பார்கோடு அடிக்கிறாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவள். நான்கு நாள் டீ நேரத்தில் அவள் பக்கத்திலேயே போய் நின்றாள். கேட்டதையெல்லாம் அட்டைப்பெட்டி லேபிளின் பின்புறம் எழுதிக்கொண்டாள். எதை அழுத்தினால் எது வரும். எதை நிறுத்தலாம். எதை அழிக்கலாம்.

தெரியாத பெயர் வந்தால் தொடாதீங்கக்கா என்று ரெஜினா இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

மிஷின் துடைக்கிற பிரஷ்ஷையே கொண்டு வந்திருந்தாள். உள்ளே இருந்த சின்ன விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, இறக்கை இறக்கையாகத் துடைத்தாள். அடைப்பு உருண்டு உருண்டு வந்தது. தாளில் கொட்டினாள். ஒரு பிடிக்கு மேல் இருந்தது.

தகட்டை மூடினாள். ஒயரைச் செருகினாள்.

பொத்தானை அழுத்தும்போது மட்டும் மகளைப் பார்க்கவில்லை.

விளக்கு எரிந்தது.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. திரை வந்ததும் லேபிளைப் பார்த்துப் பார்த்து அந்தப் பட்டியலைத் திறந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டவுடனே தாமாகவே ஓட ஆரம்பிக்கிறவை. பதினேழு இருந்தன. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இந்த வீட்டில் இல்லாத பிரின்டருக்கு ஒன்று. யாரும் பேசாத மீட்டிங்குக்கு ஒன்று. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வைரஸைத் தடுக்க இரண்டு. அதில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தாள்.

ஒரு பெயர் புரியவில்லை. கை நின்றது. அதை விட்டுவிட்டாள்.

தம்பி அலுவலகத்தின் பழைய பைல்கள் கிடந்தன. அவனிடம் மறுபடி கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தாள். திரையில் இருந்த குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள்.

எப்போதோ இலக்கியா கட்டிலை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தாள்.

அம்மா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

முன்பெல்லாம் திரை வர எட்டு நிமிடம். பொத்தானை அழுத்திவிட்டுப் போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வரலாம்.

ஒன்றரை நிமிடம்.

மறுபடி அணைத்தாள். மறுபடி போட்டாள். அதே ஒன்றரை நிமிடம். இரண்டாவது முறை போட்டதற்குக் காரணம் எதுவும் இல்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது.

“எப்படிம்மா பண்ணினே?”

“அடைச்சிருந்துச்சு கண்ணு. எடுத்து விட்டேன்.”

அவ்வளவுதான் என்பதுபோலச் சொன்னாள். ஆனால் குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

மூன்று மணிக்கு அவள் சமையலறையில் நின்றுகொண்டாள். கதவு சாத்தியிருந்தது. மௌஸின் சத்தம் கேட்டது. நீண்ட அமைதி. மறுபடி ஒரு சத்தம். அமைதி நீளும்போதெல்லாம் அவள் கை நின்றது. சத்தம் கேட்டதும் வெங்காயத்தை நறுக்கினாள்.

நாலேகாலுக்குக் கதவு திறந்தது.

“தோத்துட்டேன்மா.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“மறுபடி நின்னுருச்சா?”

“இல்லம்மா. ஒரு தடவைகூட நிக்கல.”

இலக்கியாவின் முகம் சிவந்திருந்தது. கண்களில் நீர் இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது.

“அவங்க மாநில அளவுல ஆடுறவங்க. ஐம்பத்தெட்டு மூவ் தாக்குப் பிடிச்சேன். கடைசில குதிரையை நான்தான் தப்பா வச்சேன். நான்தாம்மா தோத்தேன்.”

‘நான்தான்’ என்பதை அவள் இரண்டு முறையும் அழுத்திச் சொன்னாள்.

பிறகு திரும்பி உள்ளே போனாள். ஆட்டத்தைத் திரையில் முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்தாள். காய்கள் சட்சட்டென்று நகர்ந்தன.

“அம்மா, இங்க வா. எங்க தப்புன்னு காட்டறேன்.”

அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. எந்தக் காய் எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது.

கையைத் துடைத்துக்கொண்டு போய், மகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.