‘ஆ’ பிரிவின் யானை

எந்தப் பாடமுறையும் ஆய்வில் தேறினால்தான் பள்ளிக்குள் இருக்கலாம். இந்த ஆண்டு கதையின் முறை. கணக்குப் பாடத்துக்கு முன் கதை சொன்னால் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நான்காம் வகுப்பில் ‘அ’ பிரிவுக்குக் கதை உண்டு, ‘ஆ’ பிரிவுக்குக் கிடையாது என்று குலுக்கலில் விழுந்தது.

‘அ’ பிரிவு ஹெலன் டீச்சருக்கு. ‘ஆ’ எனக்கு.

தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். என் பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்ப்பார்கள். இடைவேளையில் ஹெலன் டீச்சரின் பின்னாலேயே ஓடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் முத்தழகி எழுந்தாள். “டீச்சர், அங்க யானை கிணத்துல விழுந்துடுச்சாம். அப்புறம் என்னாச்சு?”

கதவைச் சாத்திவிட்டு யானையைக் கரையேற்றினேன். என் யானை பாட்டுகூடப் பாடியது. அன்றிலிருந்து தினமும் ஒரு கதை சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினார்கள்.

மார்ச்சில் முடிவு வந்தது. இரண்டு பிரிவும் ஒரே அளவு முன்னேறியிருந்தன. அதனால் கதையால் பயனில்லை என்று ஆனது. அடுத்த ஆண்டு முதல் எந்த வகுப்பிலும் கதை கூடாது.

ஹெலன் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

“நான் தொண்டை வத்தக் கதை சொன்னேன். நீ கதையே இல்லாம எப்படிம்மா இவ்வளவு கொண்டுவந்த?”

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் எனக்குள் கேட்ட குரல்தான் அது. உண்மையைச் சொன்னால் கதை திரும்பி வரும். அவருடைய பொறாமை போய்விடும்.

“வெறும் வாய்ப்பாடுதான் டீச்சர்” என்றேன்.