இடப்பக்க அடுக்கு

ஒஹாயோவில், பேஸ்பால் அட்டைக் கடையின் விளக்கடியில், லோர்னாவின் காலமான அப்பா சேர்த்த, ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளைக் கடைக்காரர் வெர்ன் பூதக்கண்ணாடியில் பார்த்து விலை மதிக்கிறார். அவள் கார்ச் சாவியைக் குலுக்கிக்கொண்டே நிற்கிறாள். ஆட்டக்காரரின் கையெழுத்து மட்டும் இருப்பது வலப்பக்கம் போகிறது. இன்னாருக்கு என்று பெயரும் சேர்த்து எழுதியது, விலை போகாதது, இடப்பக்கம். "எல்லாத்துலயும் 'கிளிண்டுக்கு'ன்னு எழுதி வாங்கியிருக்காரே உங்கப்பா! இன்னொரு கிளிண்டைத்தான் தேடிப் பிடிச்சு விக்கணும்." கிளிண்ட் அவள் அண்ணன். அடுத்ததும் கிளிண்ட். அதற்கடுத்ததும். அப்பா ஒருமுறையாவது அவளுக்காகக் கேட்டிருக்க மாட்டாரா? சாவி வேகமாகக் குலுங்குகிறது. கடைசி அட்டை; படத்தின் பழுப்பேறிய சிரிப்பின்மேல் நீல மை. வெர்ன் வாய்விட்டுச் சிரிக்கிறார். "இதப் பாரும்மா, 'கிளிண்டோட தங்கச்சிக்கு'ன்னு போட்டிருக்கு! இது யாருக்கு வேணும்?" சாவிச் சத்தம் நிற்கிறது. "எனக்கு" என்கிறாள்.