சகாயமேரியின் எலி

எந்தத் தடுப்பூசியானாலும் முதலில் அவரவர் எலிக்குத்தான். சகாயமேரியின் ரத்தத்திலிருந்து எடுத்த, பார்த்த நோயை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் ஓடும் எலிக்கு முந்தாநாள் சின்னம்மை ஊசி போட்டிருந்தார்கள். எலிகளைப் பராமரிக்கும் தில்லைநாயகம் திரையைப் பார்த்தபடியே நின்றார். அதற்குள் அந்தச் செல்கள் லட்சக்கணக்கில் பெருகியிருந்தன.

"உனக்கு முன்னமே அம்மை போட்டிருக்கும்மா. புதுசுன்னா இதுங்க முழிச்சுக்கவே ஒரு வாரம் ஆகும்."

"இல்லண்ணே. ரெண்டு வயசுல ரயில்வே ஸ்டேஷன்ல கிடந்தவ நான். அதுலேர்ந்து ஹோம்ல எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. அம்மை வந்ததே இல்ல."

"அப்ப அதுக்கு முன்னாடி வந்திருக்கு. உன் ரத்தம் மறக்கல."

அவள் கூண்டருகே குனிந்தாள். எலி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாத அவளுடைய காய்ச்சல் ஒன்று, முப்பது வருடம் கழித்து, அந்த விரலளவு உடம்பில் நினைவுக்கு வந்திருந்தது.

தில்லைநாயகம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஒரு தழும்புகூட இல்லையே. அந்த வயசுப் பிள்ளை சொறியாம இருக்குமா? யாரோ ராப்பகலா பக்கத்துலயே உக்காந்து வேப்பிலையால தடவிவிட்டிருக்காங்க."

சகாயமேரி தன் வழவழப்பான கன்னத்தைத் தொட்டாள். கையை எடுக்க மனம் வரவில்லை.